கட்டி முடித்த மருத்துவக் கடன் கிரெடிட் ரிப்போர்ட்டில் இன்னும் நின்றால்: எந்த வழியை முதலில் பிடிப்பது?

அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு முறை போய் வந்தால் ஒரு பில்லோடு முடிவதில்லை. மருத்துவமனை ஒன்று அனுப்பும், அங்கே பார்த்த மருத்துவரின் குழு ஒன்று அனுப்பும், எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்ன கதிரியக்க மருத்துவர் இன்னொன்று அனுப்புவார். ஒவ்வொன்றும் வெவ்வேறு முகவரியிலிருந்து, சில சமயம் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வந்து சேரும். 2023 இறுதியில் மகனின் மணிக்கட்டு முறிந்தபோது எங்களுக்கு வர வேண்டிய மூன்றாவது பில் கைக்கு வரவே இல்லை. இடையில் நாங்கள் வீடு மாறியிருந்தோம். அது பழைய குடியிருப்பின் தபால் பெட்டியில் கிடந்திருக்க வேண்டும். தொகை 640 டாலர். ஓராண்டுக்கும் மேல் கழித்து வசூல் நிறுவனத்தின் கடிதம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்றைக்கே முழுத் தொகையையும் கட்டி, பாக்கி எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், என் கடன் வரலாற்றைக் காட்டும் மூன்று கிரெடிட் அறிக்கைகளில் இரண்டு சுத்தமாக இருந்தன. மூன்றாவதில் மட்டும் ‘கலெக்‌ஷன் கணக்கு, இருப்பு 0, கட்டப்பட்டது’ என்ற வரி அசையாமல் நின்றது. கட்டாத கடன் வசூல் நிறுவனத்தின் கைக்குப் போனால் அறிக்கையில் அதற்குப் பெயர் கலெக்‌ஷன்.

இந்த நிலையில் இருப்பவருக்கு நண்பர்களும் உறவினர்களும் சொல்லும் வழிகள் ஏழெட்டு இருக்கும். நல்லெண்ணம் கோரிக் கடிதம் எழுதலாம், வசூல் நிறுவனத்திடம் பேசலாம், பதிவு பிழை என்று மறுத்து டிஸ்ப்யூட் போடலாம், அரசிடம் புகார் செய்யலாம், பணம் கொடுத்து ஆள் வைக்கலாம், பேசாமல் விட்டுவிடலாம். இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று உண்டு. கட்டப்பட்ட மருத்துவ கலெக்‌ஷன் இன்று அறிக்கையில் இருக்கவே கூடாத பதிவு. அதை நீக்கச் சொல்வது சலுகை கேட்பதாகாது. எனவே கெஞ்சும் வழிகளைப் பின்னால் தள்ளி, திருத்தச் சொல்லும் வழிகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

அதற்கு விதி என்ன சொல்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். கிரெடிட் அறிக்கைகளைத் தயாரிக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2022 மார்ச்சில் கூட்டாக அறிவித்து, அவ்வாண்டு ஜூலை 1 முதல் கட்டப்பட்ட மருத்துவ கலெக்‌ஷன் பதிவுகளை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டன. இவற்றை ஆங்கிலத்தில் பீரோ என்பார்கள். பீரோ என்றதும் நமக்குத் துணி வைக்கும் இரும்பு அலமாரிதான் நினைவுக்கு வரும் என்பதால் தகவல் நிறுவனம் என்றே எழுதுகிறேன். கட்டப்படாத மருத்துவக் கடன் அறிக்கையில் ஏறுவதற்கு முன் இருந்த 6 மாத அவகாசமும் அதே அறிவிப்பில் ஓராண்டாக நீண்டது. 2023 ஏப்ரலில் 500 டாலருக்குக் குறைவான மருத்துவ கலெக்‌ஷன்களும் நீக்கப்பட்டன. இந்த 500 என்பது முதலில் பதிவான தொகையைக் குறிக்கும் என்பதால், 800 டாலர் கடனில் பாதியைக் கட்டி 400 ஆக்கிவிட்டால் பதிவு மறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு. முழுவதையும் கட்டினால்தான் மறையும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மற்ற வழிகளின் பலமும் பலவீனமும் அதில்தான் அடங்கியுள்ளன. ஜூலை 2022 மாற்றம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, மூன்று நிறுவனங்களும் தாமாக ஏற்ற கொள்கை. மருத்துவக் கடன் முழுவதையுமே அறிக்கையிலிருந்து விலக்க, கூட்டாட்சி அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2025 ஜனவரியில் ஒரு விதியை வெளியிட்டது. டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அதை ரத்து செய்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, கட்டிய கடனும் மறுபடி அறிக்கைக்கு வந்துவிடும் என்று பதறியவர்களை எனக்குத் தெரியும். ரத்தானது பணியகத்தின் விதி மட்டுமே. நிறுவனங்களின் சொந்தக் கொள்கையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும், கட்டிய அல்லது பேசி முடித்த மருத்துவக் கடனை அறிக்கையில் காட்டக் கூடாது என்று 2018-இல் வந்த கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. கொலராடோ, நியூயார்க், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, இலினாய் உள்ளிட்ட சில மாநிலங்களும் மருத்துவக் கடனை அறிக்கையில் சேர்க்கத் தடை விதித்துள்ளன. ஆனால் கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய மாநிலச் சட்டங்களுக்கு மேலாக நிற்கும் என்று பணியகம் 2025 அக்டோபரில் விளக்கம் வெளியிட்டது. ஆகவே மாநிலச் சட்டத்தை மட்டும் நம்பிக் கடிதம் எழுதுவது ஒற்றைக் காலில் நிற்பதைப் போன்றது.

இருப்பு 0 என்றுதானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாமா? எதுவும் செய்யாமலிருப்பதும் ஒரு தேர்வுதான், அதற்கும் விலை உண்டு. அந்த விலை, உங்களுக்குக் கடன் கொடுப்பவர் அறிக்கையிலிருந்து கணக்கிடப்படும் எந்த ஸ்கோரைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. ஸ்கோரைக் கணக்கிடும் முறைகளில் ஒன்றான ஃபைகோவுக்குப் பல பதிப்புகள் உண்டு. அவற்றில் ஃபைகோ 9-உம் அதற்குப் பின் வந்தவையும் கட்டப்பட்ட கலெக்‌ஷனைக் கணக்கில் கொள்வதில்லை. பரவலாகப் புழங்கும் ஃபைகோ 8, ஆரம்பத் தொகை 100 டாலருக்குக் குறைவாக இருந்தால் மட்டும் விட்டுவிடும். மற்றபடி கட்டினாலும் கட்டாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். வீட்டுக் கடனுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை ஃபைகோ 2, 4, 5 என்னும் பழைய பதிப்புகள். இவற்றிலும் கட்டப்பட்ட கலெக்‌ஷன் கறையாகவே எண்ணப்படும். கைப்பேசியில் இலவசமாக ஸ்கோர் காட்டும் செயலிகளில் பல வான்டேஜ்ஸ்கோர் 3.0 என்னும் வேறொரு முறையின் எண்ணைக் காட்டுகின்றன, அதுவோ கட்டப்பட்ட கலெக்‌ஷனைப் பொருட்படுத்தாது. செயலியில் 780 என்று பார்த்து மகிழ்ந்தவர் வீட்டுக் கடன் அலுவலரின் மேசையில் வேறு எண்ணைக் கண்டு திகைப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அந்த மேசையிலேயே ஓர் ஆறுதலும் உண்டு. வீட்டுக் கடன் தருபவர் மூன்று நிறுவனங்களின் ஸ்கோரையும் எடுத்து, தனி ஒருவரின் விண்ணப்பம் என்றால் நடுவில் உள்ள எண்ணைக் கொள்வதே வழக்கம். பதிவு ஒரே ஓர் அறிக்கையில் நின்று, அது அந்த எண்ணை மூன்றிலும் கடைசியாகத் தள்ளியிருந்தால், நடு எண் அதிகம் பாதிக்கப்படாமல் போகலாம். கார் கடனில் அப்படி இல்லை. ஒரே அறிக்கையைப் பார்த்து முடிவு செய்பவர்கள் அங்கே அதிகம், அவர் எடுப்பது உங்கள் கறைபடிந்த அறிக்கையாகவும் இருக்கலாம். அவசரப்பட வேண்டுமா என்பதை இந்தக் கணக்கு ஓரளவு தீர்மானிக்கும். எதையும் செய்யாமல் விட்டால், கடன் முதலில் தவறிய தேதிக்கு 180 நாள் கழித்துத் தொடங்கும் 7 ஆண்டுக் கணக்கு முடியும்வரை வரி நிற்கும். பணம் கட்டியதால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை என்பது மட்டும் நல்ல செய்தி.

அடுத்தது, வரி ஏன் நிற்கிறது என்பது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வழியைத் தேர்வது, எந்தப் பூட்டு என்று பார்க்காமல் சாவி வெட்டுவது போலாகும். காரணங்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வசூல் நிறுவனம் பணம் வந்ததைத் தகவல் நிறுவனத்துக்கு இன்னும் தெரிவிக்காமல் இருக்கலாம். தெரிவித்திருந்தும், அது மருத்துவக் கடன் என்ற குறியீடு இல்லாமல் பதிவாகியிருக்கலாம். தகவல் நிறுவனங்கள் பதிவைப் படிக்கும் மெட்ரோ 2 என்னும் வடிவத்தில் மூலக் கடன்தாரரின், அதாவது முதலில் யாருக்குப் பணம் வர வேண்டியிருந்ததோ அவரின், வகைக்கென்று ஓர் இடம் உண்டு, மருத்துவத்துக்கு அங்கே 02 என்று எழுத வேண்டும். அந்த இடம் காலியாகவோ வேறு எண்ணாகவோ இருந்தால், கணினிக்கு அது வெறும் கலெக்‌ஷன்தான். என் விஷயத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதை அறிக்கையிலிருந்தே ஊகிக்க முடிந்தது: மூலக் கடன்தாரர் என்ற இடத்தில் மருத்துவரின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ இல்லை, பில் போடும் இடைநிலை நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது, அந்தப் பெயரில் மருத்துவத்தைக் காட்டும் ஒரு சொல்கூடக் கிடையாது. மூன்றாவது காரணம் சங்கடமானது. மருத்துவச் செலவைக் கிரெடிட் கார்டிலோ, பல் மருத்துவமனைகளில் எழுதித் தரும் மருத்துவக் கடன் அட்டையிலோ போட்டு, பிறகு அந்த அட்டையைக் கட்டத் தவறியிருந்தால் அது அட்டைக் கடன்; அதற்கு இந்தக் கொள்கை பொருந்தாது, கீழே சொல்லும் வழிகளில் பாதி அதற்கு உதவாது.

இனி வழிகள். நல்லெண்ணக் கடிதம் என்பது, தவறு நடந்துவிட்டது, மன்னித்துப் பதிவை எடுத்துவிடுங்கள் என்று வசூல் நிறுவனத்துக்கு எழுதுவது. பல ஆண்டு வாடிக்கையாளராக இருந்த வங்கி ஒரே ஒரு தாமதத்தை மன்னிப்பதற்கு இது சில நேரம் பலிக்கும். உங்களை ஒரே முறை, அதுவும் கடனாளியாக மட்டும் அறிந்த வசூல் நிறுவனத்துக்கு அப்படி மன்னிக்க ஒரு காரணமும் இல்லை. பதில் சொல்ல வேண்டும் என்ற கடமையோ காலக்கெடுவோ அதற்குக் கிடையாது. செலவு ஒரு தபால் தலைதான் என்றாலும், பதிவு சரியானதே என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொள்வதாகவும் ஆகிவிடும் என்பதால் இதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

வசூல் நிறுவனத்தோடு நேராகப் பேசுவது அதைவிட நல்லது. ஆனால் கேட்கும் விதம் வேறாக இருக்க வேண்டும். பணம் கட்டுகிறேன், பதிவை அழியுங்கள் என்ற பேரத்துக்குக் கட்டுவதற்கு முன்னால்தான் மதிப்பு. கட்டிய பின் உங்கள் கையில் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. எனவே பேரம் பேசாமல் இரண்டு திருத்தங்களைக் கேளுங்கள்: கணக்கு கட்டப்பட்டதாகவும் மருத்துவக் கடனாகவும் பதிவு செய்யச் சொல்லுங்கள். இந்த இரண்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தால், அழிக்கும் வேலையைத் தகவல் நிறுவனம் தன் கொள்கைப்படியே செய்துவிடும். வசூல் நிறுவனங்கள் பொதுவாக மாதம் ஒரு முறை தகவல் அனுப்புபவை என்பதால் பலன் தெரிய ஓரிரு மாதம் ஆகலாம். தொலைபேசியில் இனிமையாகச் சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். பேசிய கையோடு மின்னஞ்சலிலும் எழுதிவிடுவது நல்லது. இன்சூரன்ஸ் கட்ட வேண்டிய தொகை தவறுதலாக உங்கள் தலையில் விழுந்த கணக்கு என்றால், வசூல் நிறுவனத்தைத் தாண்டி, மூலப் பில் போட்ட மருத்துவ அலுவலகத்திடமே கணக்கைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொல்லலாம். அவர்கள் அழைத்துக்கொண்டால் வசூல் நிறுவனம் பதிவை எடுத்துத்தான் ஆக வேண்டும், அந்த ஒரு சூழலில் இதுவே முதல் வழி.

தகவல் நிறுவனத்திடமே டிஸ்ப்யூட் போடுவதுதான் பெரும்பாலோருக்கு முதலில் செய்ய வேண்டியது என்று நான் நினைக்கிறேன். 1970-ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டப்படி இதற்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும், இடையில் நீங்கள் கூடுதல் தகவல் அனுப்பினால் 45 நாள் வரை போகலாம். வசூல் நிறுவனத்தோடு வெறுமனே பேசும்போது இல்லாத காலக்கெடு இங்கே இருக்கிறது. பதிவு எந்தக் கொள்கையை மீறி நிற்கிறதோ அந்தக் கொள்கையை அறிவித்தவரிடமே கேட்கிறீர்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. இணையத்தில் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். ஆனால் அங்கே ஆயத்தக் காரணங்களின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர வேண்டியிருக்கும். வசூல் நிறுவனத்துக்கும் அது பெரும்பாலும் ஒரு குறியீடாகத்தான் போய்ச் சேரும், அவர்கள் தங்கள் திரையில் இருப்பதோடு ஒப்பிட்டுவிட்டு, சரிபார்க்கப்பட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணம் குறியீட்டுப் பிழையாக இருக்கும்போது இது நடக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அவர்கள் திரையிலும் அதே பிழைதான் இருக்கிறது. அதனால் பெற்றுக்கொண்ட ஒப்புகை அட்டையோடு கூடிய பதிவுத் தபாலில் அனுப்புவதையே நான் தேர்ந்தேன்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. இந்தக் கணக்கு இன்ன தேதியில் நடந்த கதிரியக்கப் பரிசோதனைக்கான கடன். இன்ன தேதியில் முழுவதும் கட்டப்பட்டது. மூலக் கடன்தாரர் மருத்துவ சேவை வழங்குபவர் என்பது இணைப்பில் உள்ள பில்லில் தெரியும். மருத்துவக் கடன் என்ற வகை விடுபட்டிருப்பதால் பதிவு பிழையானது. உங்கள் 2022 ஜூலை 1 கொள்கைப்படி நீக்க வேண்டும். இவ்வளவுதான் எழுதினேன். பில்லின் நகல், பாக்கி இல்லை என்ற கடிதம், பணம் போனதைக் காட்டும் வங்கி அறிக்கையின் பக்கம், ஓட்டுநர் உரிமத்தின் நகல் ஆகியவற்றைச் சேர்த்தேன். பில்லில் நோயின் பெயரும் சிகிச்சைக் குறியீடும் இருந்த வரிகளைக் கறுப்புப் பேனாவால் அடித்த பிறகே நகலெடுத்தேன். எந்த எலும்பு முறிந்தது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கடிதத்தில், கடன் கட்டப்பட்டது, ஆனாலும் பதிவு நிற்கிறது என்பதோடு விடாமல், என்ன பிழை என்று குறிப்பிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. கொள்கையை மீறுவது வேறு, சட்டத்தின் பார்வையில் தகவல் பிழையாக இருப்பது வேறு. பிற்பாடு வழக்கறிஞரிடம் போக நேர்ந்தால், கட்டப்பட்டதைக் கட்டப்பட்டது என்றே காட்டிய பதிவில் பொய் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். வகை தவறு, இருப்பு தவறு, தேதி தவறு என்று ஏதாவது ஒன்றைத் தொட்டுக் காட்டியிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்.

வசூல் நிறுவனத்துக்கு நேரடியாகவே டிஸ்ப்யூட் அனுப்பவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதை மட்டும் செய்தால் ஒன்றை இழப்பீர்கள்: தகவல் நிறுவனம் வழியாகப் போன டிஸ்ப்யூட்டை வசூல் நிறுவனம் சரியாக விசாரிக்காவிட்டால்தான் தனிநபர் அதன் மீது வழக்குத் தொடர முடியும், நேரடியாகப் போன கடிதத்துக்கு அந்தப் பல் கிடையாது. ஒரே நாளில் இருவருக்கும் அனுப்பிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

சரிபார்க்கப்பட்டது என்ற பதில் வந்துவிட்டால், நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தில் புகார் செய்வது அடுத்த படி. அங்கும் கட்டணம் இல்லை. நிறுவனங்கள் பொதுவாக 15 நாளில் பதில் சொல்ல வேண்டும், சிக்கலானவற்றுக்கு 60 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். முதலிலேயே இங்கே போவதை நான் விரும்பவில்லை, ஏனென்றால் டிஸ்ப்யூட் போட்டு மறுக்கப்பட்ட தாள் கையில் இருந்தால்தான் புகாருக்குக் கனம் வரும். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் வழக்கறிஞர். வேண்டுமென்றே சட்டத்தை மீறியது நிரூபணமானால் 100 முதல் 1,000 டாலர் வரை சட்டப்படியான இழப்பீடும், வழக்கறிஞர் கட்டணமும் எதிர்த்தரப்பின் தலையில் விழும். மீறல் தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். கட்டணம் எதிர்த்தரப்பிடமிருந்து வரும் என்பதால் கையிலிருந்து பணம் வாங்காமல் வழக்கை எடுப்பவர்கள் உண்டு, ஆனால் மேலே சொன்ன தகவல் பிழை என்ற கேள்வியைத்தான் அவர்களும் முதலில் கேட்பார்கள்.

பணம் வாங்கிக்கொண்டு கிரெடிட்டைச் சரி செய்து தருவோம் என்பவர்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வேலையை முடிப்பதற்கு முன் அவர்கள் பணம் வாங்கக் கூடாது, கையெழுத்திட்ட 3 வேலை நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அந்தத் தொழிலின் லட்சணம் விளங்கும். நீங்கள் இலவசமாக அனுப்பக்கூடிய கடிதத்தைத்தான் அவர்களும் அனுப்புவார்கள். இவர்கள் விற்கும் சரக்குகளில் ஹிப்பா கடிதம் என்று ஒன்று உண்டு: மருத்துவமனை உங்கள் விவரத்தை வசூல் நிறுவனத்துக்குக் கொடுத்ததே நோயாளி ரகசியச் சட்டத்தை மீறியது, ஆகவே பதிவை அழிக்க வேண்டும் என்று மிரட்டும் கடிதம். கட்டணம் வசூலிப்பதற்குத் தேவையான அளவு விவரத்தைக் கொடுக்க அந்தச் சட்டமே அனுமதிக்கிறது என்பதால், விஷயம் தெரிந்த வசூல் நிறுவனம் இதைக் குப்பைக் கூடையில் போடும்.

நேரம் நெருக்கினால் வரிசை மாறும். வீட்டுக் கடன் விண்ணப்பம் உள்ளே போய், கையெழுத்திடும் நாள் குறித்தாகிவிட்டது என்றால் 30 நாள் டிஸ்ப்யூட்டுக்குப் பொழுதில்லை. திறந்த நிலையில் உள்ள டிஸ்ப்யூட் அறிக்கையில் ஒரு குறிப்பாகத் தெரியும், அதை எடுத்த பிறகே மேற்கொண்டு பார்ப்போம் என்று கடன் அலுவலர் நிறுத்திவைக்கவும் கூடும். அப்போது அவரிடம் விரைவு மறுமதிப்பீடு செய்யச் சொல்ல வேண்டும்: உங்கள் சான்றுகளை அவர் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பி, சில நாளிலேயே புதிய ஸ்கோரைப் பெறுவார். இதை நீங்களாகக் கேட்டுப் பெற முடியாது, கடன் தருபவர் வழியாக மட்டுமே முடியும். கையில் எழுத்துச் சான்று இல்லாவிட்டால் அவராலும் ஒன்றும் செய்ய இயலாது என்பதால், பாக்கி இல்லை என்ற கடிதத்தைப் பணம் கட்டிய அன்றே வாங்கி வைப்பது மேலே சொன்ன எல்லா வழிகளுக்கும் பொதுவான முதல் வேலை.

எனக்கு அந்த அவசரம் இருக்கவில்லை. பதிவுத் தபாலில் போன கடிதத்துக்கு 24-ஆம் நாள் பதில் வந்தது. கணக்கு நீக்கப்பட்டது என்ற ஒற்றை வரியும், அதன் பின்னால் புதிய அறிக்கையும். ஆன்யுவல் கிரெடிட் ரிப்போர்ட் தளத்தில் மூன்று அறிக்கைகளையும் வாரம் ஒரு முறை இலவசமாக எடுக்க முடிவதால், அடுத்த மூன்று மாதம் மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தேன். வசூல் நிறுவனம் தன் மாதாந்தரத் தகவலில் பழைய பிழையோடு கணக்கை மறுபடி அனுப்பினால் வரி திரும்ப ஏறிவிடும் அபாயம் உண்டு. அப்படிச் சேர்ப்பதற்கு முன் தகவல் சரியென்று வசூல் நிறுவனம் சான்றளிக்க வேண்டும், சேர்த்த 5 வேலை நாளுக்குள் தகவல் நிறுவனம் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த 24-ஆம் நாள் கடிதம் மகனின் எக்ஸ்ரே உறையோடு ஒரே கோப்பில் இருக்கிறது.